மொழிக்கும் வேண்டும் குடிமராமத்து

திருச்சியிலிருந்து சிதம்பரம் செல்லும் சாலை கீழப்பழுவூர், ஜெயங்கொண்டம், கங்கைகொண்ட சோழபுரம் என்று வந்து மீன்சுருட்டியில் சென்னை – கும்பகோணம் சாலையைச் சந்திக்கிறது. பிறகு காட்டுமன்னார்கோவில் வழியாகச் சிதம்பரத்தை அடைகிறது. தமிழ்நாட்டு மொழிப்போராட்டத்தின் இரண்டு மரணங்கள் இந்தச் சாலையின் இரு முனைகளில் நிகழ்ந்தவை. கீழப்பழுவூர்ச் சின்னசாமி 1964 ஜனவரி 25 அன்று திருச்சி ரயில் நிலையத்தின் முன் தீக்குளித்தார். மறு ஆண்டு ஜனவரி 27 அன்று அண்ணாமலைப் பல்கலைக்கழக மாணவர் இராசேந்திரன் காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் உயிரிழந்தார்.

ஆண்டுதோறும் ஜனவரி 25-ஐ மொழிப்போர்த் தியாகிகள் நாளாக நினைவுகூர்கிறோம். சிலைகளுக்கு மாலை அணிவிக்கிறோம், வீரவணக்கக் கூட்டம் நடத்துகிறோம். அது நம் கடமை, தொடர வேண்டும். இனி எந்த மொழிக்காகவும் ஓர் உயிர்கூடப் போகக் கூடாது என்ற உறுதியும் அதோடு சேர வேண்டும். ஆனால் கூட்டம் கலைந்த பிறகும் ஒரு கேள்வி மிச்சமிருக்கிறது. எதைத் தடுக்க அவர்கள் போராடினார்களோ அதைத் தடுத்துவிட்டோம். எதை வளர்க்க விரும்பினார்களோ அதை வளர்த்தோமா?

அண்ணாவின் ஆட்சிக்காலத்தில், 1968 ஜனவரி 23 அன்று, சட்டமன்றம் இருமொழிக் கொள்கைத் தீர்மானத்தை நிறைவேற்றியது. அதற்கு முன்பே 1938-இல் இராஜாஜி அரசு பள்ளிகளில் இந்தியைக் கட்டாயமாக்கியபோது எழுந்த எதிர்ப்பில் நடராசனும் தாளமுத்துவும் 1939-இல் சிறைவாசத்தின்போது இறந்தார்கள். 1940 பிப்ரவரியில் அந்த ஆணை திரும்பப் பெறப்பட்டது. விடுதலைக்குப் பிறகு அரசமைப்புச் சட்டத்தின் 343-ஆம் பிரிவு இந்தியை ஒன்றியத்தின் ஆட்சிமொழியாக்கியது; 15 ஆண்டுகளுக்கு, அதாவது 1965 ஜனவரி 26 வரை, ஆங்கிலம் தொடரலாம் என்றது. அந்த நாள் நெருங்கியபோதுதான் தமிழ்நாடு கொந்தளித்தது. 1967-இல் ஆட்சிமொழிச் சட்டம் திருத்தப்பட்டு, ஆங்கிலத்தின் தொடர்ச்சிக்குச் சட்டப் பாதுகாப்புக் கிடைத்தது. இவ்வளவும் தற்காப்பின் வரலாறு. அதில் கட்சி வேறுபாடில்லாமல் நாம் பெருமைப்படலாம்.

இதே காலத்தில் இன்னொரு வரலாறும் தொடங்கியது. 1956 டிசம்பர் 27 அன்று, காமராசர் முதல்வராக இருந்தபோது, தமிழை ஆட்சிமொழியாக்கும் சட்டம் நிறைவேறியது. அதற்காக யாரும் சிறை செல்லவில்லை, எங்கும் துப்பாக்கி வெடிக்கவில்லை. அதனாலோ என்னவோ, அந்தச் சட்டம் நம் நினைவில் ஆழப் பதியவில்லை. வெளியிலிருந்து ஒரு மொழி திணிக்கப்படும்போது ஒரே நாளில் ஒன்றுசேர்கிறோம். நம் மொழியை அலுவலகத்திலும் வகுப்பறையிலும் நீதிமன்றத்திலும் அன்றாடம் புழங்கச் செய்கிற வேலையை மட்டும் அரசு பார்த்துக்கொள்ளும் என்று விட்டுவிட்டோம். இந்த இரண்டாவது வேலை ஊர்கூடிச் செய்ய வேண்டியது என்பதே நம் வாதம்.

விடுதலை பெற்ற நாடுகள் கற்ற பாடம்

காலனி ஆட்சி விலகிய ஒவ்வொரு நாட்டின் முன்னாலும் இதே கேள்வி நின்றது: ஆண்டவர்களின் மொழியை என்ன செய்வது, நம் மொழிகளில் எதை எங்கே வைப்பது? அவசரமாக விடை சொன்னவர்கள் பெரும் விலை கொடுத்தார்கள்.

1948 மார்ச்சில் டாக்காவில் பேசிய ஜின்னா, உருது ஒன்றே பாகிஸ்தானின் ஆட்சிமொழி என்றார். நாட்டு மக்களில் பெரும்பான்மையோர் வங்காளம் பேசுபவர்கள். 1952 பிப்ரவரி 21 அன்று டாக்காவில் மாணவர்கள் சுடப்பட்டார்கள். 1956 அரசமைப்பு வங்காளத்தையும் ஏற்றபோது மனங்கள் பிரிந்துவிட்டிருந்தன. 1971-இல் நாடே பிரிந்தது. அந்த பிப்ரவரி 21-ஐத்தான் உலகத் தாய்மொழி நாள் என்று யுனெஸ்கோ 1999-இல் அறிவித்தது.

நமக்கு இன்னும் நெருக்கமான பாடம் இலங்கை. 1956-இல் சிங்களம் மட்டுமே ஆட்சிமொழி என்று சட்டம் வந்தது. தமிழர் மனதில் அது உண்டாக்கிய காயம் பின்னாளில் எங்கே கொண்டுபோய் விட்டது என்பதை இங்கே விவரிக்கத் தேவையில்லை. 1987-இல் 13-ஆவது திருத்தம் தமிழையும் ஆட்சிமொழியாக்கியது. ஆனால் தமிழில் முறைப்பாடு எழுதத் தெரிந்த காவலரும் தமிழில் பதில் அனுப்பும் அலுவலரும் போதிய அளவில் இல்லாததால், ஏட்டில் கிடைத்த உரிமை பல இடங்களில் கவுன்டருக்கு வந்து சேரவில்லை.

இந்தோனேசியா வேறு வழியில் சென்றது. அங்கே மிகுதியானோர் பேசியது ஜாவா மொழி. என்றாலும் 1928 அக்டோபர் 28 அன்று கூடிய இளைஞர்கள், துறைமுகச் சந்தைகளில் எல்லோரும் பேசிவந்த மலாயின் ஒரு வடிவத்தைப் பொதுமொழியாக ஏற்றார்கள். பெரும்பான்மையினர் தங்கள் மொழியை முன்னிறுத்தாததால் மற்றவர்களின் அச்சம் குறைந்தது.

சிங்கப்பூரில் தமிழுக்கு ஆட்சிமொழித் தகுதி இருக்கிறது. பள்ளியில் தாய்மொழிப் பாடமாக இருக்கிறது. நாடாளுமன்றத்திலும் தமிழில் பேசலாம். ஆயினும் வீட்டில் முதன்மையாக ஆங்கிலம் பேசுவோர் 2010-இல் 32.3 சதவீதமாக இருந்தது 2020 கணக்கெடுப்பில் 48.3 சதவீதமாகியது. சீனம், மலாய், தமிழ் ஆகிய மூன்றையும் பாதிக்கிற மாற்றம் இது. அரசு தரக்கூடிய பாதுகாப்பு வீட்டு வாசலோடு நின்றுவிடுகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

திணித்தால் நாடு பிளவுபடுகிறது. புழக்கம் விட்டால் மொழி தேய்கிறது. முதல் ஆபத்தை நாம் நன்றாக அறிவோம். இரண்டாவது ஆபத்து ஓசையில்லாமல் வருவதால் இன்னும் அறியவில்லை.

செப்பேடு சொல்வது

மீன்சுருட்டியிலிருந்து சில கிலோமீட்டரில் இருக்கிறது இராசேந்திர சோழனின் தலைநகரம். அவன் வழங்கிய திருவாலங்காட்டுச் செப்பேடுகள் 31 ஏடுகள் கொண்டவை. சோழர் குலப் பெருமையும் போர் வெற்றிகளும் அவற்றில் வடமொழியில் பாடப்பட்டிருக்கின்றன. ஆனால் பழையனூர் என்ற ஊரைக் கோயிலுக்குக் கொடையாக அளித்த செய்திக்கு வந்ததும் மொழி தமிழாகிறது. நிலத்தின் எல்லை எது, எந்தக் கால்வாய் யாருக்கு, எந்த வரி நீங்குகிறது, எந்த அலுவலர் ஒப்பமிட்டார் என்பதெல்லாம் விரிவான தமிழில் இருக்கின்றன. ஏடுகளின் பெரும்பகுதியும் அதுதான். கடல் கடந்து வெற்றிகொண்ட பேரரசுக்கும், ஒரு குடியானவனின் வரப்பைப் பற்றிய ஆணை அவனுக்குப் புரிகிற மொழியில் இருந்தாக வேண்டும் என்ற நிர்வாகத் தெளிவு இருந்தது.

ஆயிரம் ஆண்டுக்குப் பிறகு அதே மண்ணில் வாழும் உழவர், காப்பீட்டுப் பத்திரத்தின் நிபந்தனைகளை யாரையாவது படித்துச் சொல்லச் சொல்லிக் கேட்கிறார். நகைக்கடன் ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறதென்று தெரியாமல் கையெழுத்துப் போடுகிறார். தன் வழக்கில் உயர் நீதிமன்றம் சொன்ன தீர்ப்பை வழக்கறிஞரின் வாய்வழியாகவே அறிகிறார். தனக்குப் புரியாத மொழியில் ஆளப்படும் மனிதர் முழுக் குடிமகனாக நடத்தப்படவில்லை என்றே கொள்ள வேண்டும்.

அரசமைப்பின் 348-ஆம் பிரிவு உயர் நீதிமன்ற மொழி ஆங்கிலம் என்கிறது. குடியரசுத் தலைவரின் ஒப்புதலோடு மாநில மொழிக்கும் இடம் தருகிறது. இராசத்தான், உத்தரப் பிரதேசம், மத்தியப் பிரதேசம், பீகார் உயர் நீதிமன்றங்களில் இந்திக்கு அந்த இடம் கிடைத்திருக்கிறது. தமிழுக்காகச் சட்டமன்றம் 2006-இல் தீர்மானம் நிறைவேற்றியும் கிடைக்கவில்லை. இது டெல்லி தீர்க்க வேண்டிய குறை. எல்லாக் கட்சிகளும் சேர்ந்து கேட்க வேண்டிய நீதி. ஆனால் கீழமை நீதிமன்றங்களில் தமிழ் எழுத எந்தத் தடையும் இல்லை. அங்கே தமிழில் மனுத் தாக்கல் செய்வதும் தமிழில் தீர்ப்பு எழுதுவதும் ஏன் வழக்கமாகவில்லை என்ற கேள்வியை நாம் டெல்லியிடம் கேட்க முடியாது.

பெற்றோர் மேல் பழி போடாதீர்கள்

மொழி பற்றிய மேடைகளில் அடிக்கடி திட்டு வாங்குபவர்கள் பெற்றோர்கள். முந்திரிக் காட்டிலும் செங்கல் சூளையிலும் பாடுபட்டு, வட்டிக்கு வாங்கிக் கட்டணம் கட்டி, பிள்ளையை இங்கிலீஷ் மீடியத்தில் சேர்க்கும் தாயைப் பார்த்து ‘தமிழ்ப் பற்றில்லை’ என்று சொல்வது அநியாயம். ஆங்கிலம் தெரிந்தவர்களுக்குப் பெரிய வேலைகள் கிடைப்பதை அந்தத் தாய் கண்ணால் பார்க்கிறார். மேடையில் பேசுபவரின் பிள்ளை எந்தப் பள்ளியில் படிக்கிறது என்பதும் அவருக்குத் தெரியும். அரசே 2012-13 முதல் தன் பள்ளிகளில் ஆங்கிலவழிப் பிரிவுகளைப் பெருமளவில் தொடங்கியது, இந்த விருப்பத்துக்கு இணங்கித்தான்.

ஆங்கிலம் நன்றாகத் தெரிய வேண்டும் என்ற அவருடைய ஆசை நியாயமானது. எல்லாப் பாடத்தையும் ஆங்கிலத்தில் படித்தால் ஆங்கிலம் தானாக வந்துவிடும் என்ற நம்பிக்கைதான் தவறு. வீட்டில் கேட்காத மொழியில் ஆறு வயதில் கணக்கும் அறிவியலும் படிக்கிற குழந்தை, இரண்டையும் மனப்பாடமே செய்கிறது. கேள்வி கேட்கும் பழக்கம் அங்கேயே நின்றுபோகிறது. தாய்மொழியில் தொடங்குவதே கல்விக்கு உகந்தது என்று யுனெஸ்கோ 1953-இலேயே அறிக்கை வெளியிட்டது. கோத்தாரி குழுவும் 1966-இல் அதைத்தான் பரிந்துரைத்தது. தாய்மொழியில் தெளிவாகச் சிந்திக்கக் கற்ற பிள்ளை, நல்ல ஆசிரியர் கிடைத்தால் ஆங்கிலத்தையும் உறுதியாகக் கற்கும். ஆகவே பெற்றோரிடம் தமிழ்வழியைக் கேட்கும் முன், அரசுப் பள்ளி ஒவ்வொன்றிலும் ஆங்கிலத்தைப் பேசவும் எழுதவும் கற்பிக்கிற நல்ல ஆசிரியரை உறுதி செய்ய வேண்டும். ‘தமிழில் படித்தால் ஆங்கிலம் வராது’ என்ற அச்சம் தீராதவரை எந்த அறைகூவலும் அவர்கள் காதில் ஏறாது.

தமிழ்வழியில் படித்தவர்களுக்கு அரசு வேலையில் 20 சதவீத முன்னுரிமை தரும் சட்டம் 2010-இல் வந்தது. அது நல்ல தொடக்கம். ஆனால் தனியார் நிறுவனங்களும் உயர்கல்வியும் தமிழை ஏற்காதபோது, அந்தச் சலுகை ஒன்றை நம்பி மட்டும் ஒரு குடும்பம் தன் பிள்ளையின் எதிர்காலத்தைத் தீர்மானிக்காது.

தமிழில் கொடுத்தால் போதுமா?

2018-ஆம் ஆண்டு நீட் தேர்வின் தமிழ் வினாத்தாளை நாம் மறக்கக் கூடாது. அதில் 49 வினாக்களில் மொழிபெயர்ப்புப் பிழைகள் இருந்தன. உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, தமிழில் எழுதியவர்களுக்கு 196 மதிப்பெண் வழங்க உத்தரவிட்டது. உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. வினாத்தாளைத் தயாரித்தவர்களின் அலட்சியம் அதில் முதல் குற்றம். அதோடு, அறிவியலைத் தமிழில் பிழையில்லாமல் எழுதவும் சரிபார்க்கவும் வல்லவர்களை வளர்த்து, மதித்து, பணியில் வைத்திருக்கும் ஏற்பாடு நம்மிடம் எவ்வளவு மெலிந்திருக்கிறது என்பதையும் அது காட்டியது.

அறிவியலுக்குத் தமிழ் போதாது என்று யாரும் சொல்ல முடியாது. அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிறீன், 1864 முதல் யாழ்ப்பாணம் மானிப்பாயில் மேலை மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார். அதற்காகத் தமிழ் கற்று, உடற்கூறு முதல் அறுவை மருத்துவம் வரை நூல்களைத் தமிழில் ஆக்கினார். அவரிடம் தமிழில் படித்து 33 பேர் மருத்துவரானார்கள். விடுதலைக் காலத்தில் அவினாசிலிங்கம் தொடங்கிய தமிழ் வளர்ச்சிக் கழகம், பெரியசாமித் தூரனைப் பதிப்பாசிரியராகக் கொண்டு 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகளில் கலைக்களஞ்சியம் வெளியிட்டது. அறிஞர், கொடையாளர், அரசு மூவரும் பங்கிட்டுச் செய்த வேலை அது. அண்ணா பல்கலைக்கழகம் 2010-இல் கட்டடவியலையும் இயந்திரவியலையும் தமிழில் கற்பிக்கத் தொடங்கியது. இவை தொடர் வேலையாக மாறாமல் அங்கங்கே நின்றுபோனதற்கு, ஒவ்வொருவரும் அடுத்தவர் செய்வார் என்று இருந்ததுதான் காரணம்.

யார் யார் எதைச் செய்வது?

இராசேந்திர சோழன் தன் கங்கை வெற்றியின் நினைவாக வெட்டிய சோழகங்கம் என்னும் பேரேரியை இப்பகுதி மக்கள் பொன்னேரி என்கிறார்கள். ஏரியை அரசன் வெட்டினான். ஆனால் தமிழ்நாட்டு ஏரிகளை நூற்றாண்டுகளாகக் காத்தது குடிமராமத்து. பாசனம் பெறும் வீடெல்லாம் ஆளனுப்பிக் கரையை உயர்த்தும், மதகைச் சரிபார்க்கும், வாய்க்காலைத் தூர்வாரும். அந்த முறை தளர்ந்த இடங்களில் ஏரி தூர்ந்தது. சட்டம் தந்த மொழியுரிமைக்கும் அப்படியொரு குடிமராமத்துத் தேவை. அதில் எவருக்கு எந்தப் பங்கு என்று வெளிப்படையாகப் பேசுவோம்.

அரசியல் கட்சிகள் இருமொழிக் கொள்கையைத் தேர்தல் காலச் சச்சரவாக்காமல், பொது உடன்பாடாகக் காக்க வேண்டும். கல்வி நிதியைத் தேசியக் கல்விக் கொள்கை ஏற்புக்குப் பிணையாக வைக்கும் போக்கை ஒன்றிய அரசு கைவிட வேண்டும். விரும்பி இந்தி கற்பவரை இங்கே யாரும் தடுத்ததில்லை. காந்தியடிகள் முயற்சியால் 1918-இல் தொடங்கிய இந்திப் பிரசார சபை இன்றும் சென்னையில் தேர்வு நடத்துகிறது. கட்டாயம் கூடாது என்பதே கோரிக்கை.

மாநில அரசு, சுற்றறிக்கையில் தமிழ் இருக்கிறதா என்று பார்ப்பதோடு நிற்காமல், அந்தத் தமிழ் ஊர்க்காரருக்குப் புரிகிறதா என்றும் பார்க்க வேண்டும். ஆங்கிலத்தைவிடக் கடினமான அலுவலகத் தமிழ் யாருக்கும் பயன்படாது.

ஆசிரியர்கள் தமிழை மதிப்பெண்ணுக்கான பாடமாகக் குறுக்காமல், வாசிப்பையும் பேச்சையும் எழுத்தையும் வகுப்பில் உயிர்ப்பிக்க வேண்டும். பிள்ளையின் ஊர்ப்பேச்சைக் கொச்சை என்று அதட்டினால் அது வாயை மூடிக்கொள்ளும். பெற்றோர் எந்த வழியில் சேர்த்தாலும், வீட்டில் நாளுக்கு ஒரு பக்கமாவது தமிழ் படிக்கச் செய்யலாம். அதற்குக் கட்டணம் கிடையாது. கடைத்தெருவில் வணிகர்கள் பெயர்ப்பலகையில் தமிழை முதலில் எழுதுவதோடு, ரசீதிலும் விலைப்பட்டியலிலும் எழுத வேண்டும். வழக்கறிஞர்கள் தங்கள் வட்டார நீதிமன்றத்தில் மனுக்களைத் தமிழில் தாக்கல் செய்யத் தொடங்க வேண்டும்.

குடிமக்களுக்கும் ஓர் ஆயுதம் இருக்கிறது. அரசமைப்பின் 350-ஆம் பிரிவின்படி, குறை தீர்க்கக் கோரும் மனுவை ஒன்றிய, மாநில அலுவலர் எவருக்கும் நம் மாநிலத்தில் வழங்கும் மொழியில் எழுதலாம். அதைப் பயன்படுத்துங்கள். உரிமையைக் கேட்டு வாங்கும் ஒவ்வொரு மனுவும் அடுத்தவருக்கு வழியை எளிதாக்கும்.

தமிழ்நாட்டில் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள் 2011 கணக்கெடுப்பின்படி ஏறத்தாழ 88 சதவீதம். மீதியுள்ளோர் தெலுங்கு, கன்னடம், உருது முதலிய மொழிகள் பேசுகிறார்கள். அவர்களும் இம்மண்ணின் மக்களே. ஆலைகளுக்கும் கட்டுமான வேலைகளுக்கும் வடமாநிலங்களிலிருந்து வந்த தொழிலாளர்களின் பிள்ளைகளும் இப்போது நம் பள்ளிகளில் அமர்கிறார்கள். அவர்களுக்குத் தமிழைப் பரிவோடு கற்பிப்பது நம் கடமை. அவர்களின் தாய்மொழியை ஏளனம் செய்யாதிருப்பதும் கடமை. டெல்லியிடம் நாம் எதிர்பார்க்கும் கண்ணியத்தை நம்மிடையே வாழும் சிறுபான்மையினருக்கு நாமே தர வேண்டும். அந்த நேர்மை இருந்தால்தான் நம் கோரிக்கைக்கு எடை கூடும்.

ஊர்கூடினால் முடியும் என்பதற்குச் சான்று தொலைவில் இல்லை. 1991-இல் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் மாவட்ட நிர்வாகம், ஆசிரியர், இளைஞர், பெண்கள் எல்லோரையும் ஒன்றிணைத்தது. எழுத்தறியாத பெண்கள் எழுதப் படிக்கக் கற்றார்கள், சைக்கிள் ஓட்டவும் கற்றார்கள். கொரோனாவுக்குப் பின் 2021-இல் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தில், தெருத்தெருவாகத் தன்னார்வலர்கள் மாலை நேரத்தில் பிள்ளைகளுக்குக் கற்பித்தார்கள். அந்தக் கைகள் இன்னும் நம் ஊர்களில் இருக்கின்றன.

எனவே மீன்சுருட்டி ஊராட்சியும் சுற்றியுள்ள ஊராட்சிகளும் அடுத்த கிராம சபையில் மூன்று பொருள்களை எடுத்துப் பேச வேண்டும். ஒன்று, ஊருக்கு வரும் எல்லா அரசு, வங்கி, காப்பீட்டுப் படிவங்களும் எளிய தமிழில் தரப்பட வேண்டும் என்று தீர்மானம் போட்டு, உரிய அலுவலகங்களுக்குத் தமிழில் அனுப்புவது. இரண்டு, சொத்துவரியோடு நாம் செலுத்தும் நூலக வரி நம் ஊர் நூலகத்தில் புதிய அறிவியல் நூல்களாகவும் குழந்தை நூல்களாகவும் திரும்பி வருகிறதா என்று கேட்பது. மூன்று, பள்ளி மேலாண்மைக் குழுவோடு சேர்ந்து, ஐந்தாம் வகுப்பை முடிக்கும் எந்தப் பிள்ளையும் தமிழைத் தடையின்றிப் படிக்கும், ஆங்கிலத்தில் அச்சமின்றிப் பேசத் தொடங்கும் என்ற இலக்கை ஏற்பது. இவற்றுக்குப் புதிய சட்டம் எதுவும் வேண்டாம். டெல்லியின் அனுமதியும் வேண்டாம். 1956-இல் வந்த தமிழ் ஆட்சிமொழிச் சட்டம் இன்னும் நம் கைகளுக்காகக் காத்திருக்கிறது. கிராம சபைக்கு வாருங்கள். உங்கள் பங்கு எது என்று நீங்களே சொல்லி எடுத்துக்கொள்ளுங்கள்.